பேட்டரி கெடவில்லை, உங்கள் பெரியப்பா கெடுக்கவும் இல்லை

என் மக்களே, உங்கள் பெரியப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதினால் போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கிளறத்தான் போகிறேன். அந்தப் பழிச்சொல்லை நீங்களும் கேட்டீர்களே.

அண்ணன் கேரள எல்லையில், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, நாம் இன்றும் குடியிருக்கும் வீட்டில்தான் பிறந்தார்கள். அப்பா மரித்ததும் படிப்பை விட்டு, பாலராமபுரத்தில் தறியில் உட்கார்ந்தார்கள். என்னைக் கரையேற்றிய பிறகு கல்யாணம் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆலயத்தின் மைக் அறைதான் அவர்களுக்குக் குடும்பம்.

நம் சபையில் ஒரு மரணம் என்றால் மணியடித்து, கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயில் இறந்தவர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்வது வழக்கம். கரண்ட் போனாலும் பெயர் கேட்க வேண்டும் என்று மைக்கைப் பேட்டரியில் ஓட்டினார்கள். சனிக்கிழமைதோறும் அண்ணன் அதன் மூடிகளைத் திறந்து, அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

அந்தப் பேட்டரியில் திடீரென்று சார்ஜ் நிற்காமல் போனது. ஏற்றி வைத்தால் மறுநாளே இறங்கிவிடும். சபைக் கூட்டத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "நீரு தண்ணி ஊத்தாம பேட்டரிய கொன்னுட்டீரு ஓய்" என்றார்.

"பெத்த பிள்ளைய பட்டினி போட்டாலும் இத போடமாட்டேன் ஆக்கும்" என்றார்கள் அண்ணன்.

"ஓமக்குப் பிள்ளை ஏது ஓய்?"

கூட்டம் சிரித்தது. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் சிலர் சிரித்தீர்கள். அன்றே அண்ணனிடமிருந்து மைக் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு சனிக்கிழமை வந்தால் அண்ணன் முற்றத்தில் சும்மா நடந்துகொண்டே இருப்பார்கள். சில வாரங்களில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்கள்.

அன்று மணி அடித்தது. "மரண அறிவிப்பு. நமது சபையைச் சேர்ந்த" என்பதோடு குழாய் அடங்கிவிட்டது. பெயர் வரவில்லை. மலையாளம் வரவேயில்லை. வயலுக்கு அக்கரையில் உள்ளவர்கள் அடக்கம் முடிந்த பிறகு வந்து என்னிடம் வருத்தப்பட்டார்கள். அப்போதும் ஒருவர், "அவரு கொன்ன பேட்டரி அவருக்கே ஒதவல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. லாரி ஓட்டுகிறவன், பேட்டரி பார்க்கத் தெரியும். போதகரிடம் கேட்டு அந்தப் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மெதுவாக முழுச் சார்ஜ் ஏற்றி, மிதவை உள்ள கண்ணாடிக் குழாயால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு அறையின் ஆசிட்டையும் உறிஞ்சிப் பார்த்தேன். ஏதாவது ஓர் அறை செத்திருந்தால் அங்கே மிதவை தாழ்ந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நின்றது. அண்ணன் கடைசியாக ஊற்றிய தண்ணீர் தகடுகளை மூடியே நின்றது. ஒயர் எதுவும் மாட்டாமல் வைத்திருந்தேன். பல நாள் கழித்தும் வோல்ட் இறங்கவில்லை. மைக் அறையில் திரும்ப மாட்டினேன், மறுநாளே இறங்கிவிட்டது. மைக்கோ அணைந்துதான் கிடந்தது.

அப்படியானால் வேறு எதுவோ குடிக்கிறது. ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் போனேன். அலமாரிக்குப் பின்னால் மெல்லிய ஒயர் ஒன்று சுவரோடு ஓடி, ஆலய வாசலில் புதிதாக வைத்த உபய விளக்குப் பலகையில் முடிந்தது. பலகையில் இருந்த பெயர் அதே கமிட்டிக்காரரின் தகப்பனாருடையது. இரவும் பகலும் எரிந்த அந்தப் பெயர்தான் என் அண்ணன் பெயரை விழுங்கியது.

ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "வாசல் வரை கரண்ட் லைன் இல்ல அண்ணே. பக்கத்துல கண்ட பேட்டரில கொடுத்தேன்" என்றார். கமிட்டிக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"போட்டும் ஓய். மரிச்சவருக்கு இனி அதுகொண்டு என்ன?"

"உயிரோட இருக்கப்ப அவரு சொன்னத நீரு கேக்கல்லியே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடக்கத்தில் துணைநின்ற போதகருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், அந்த நாட்களில் நம் அடுப்பு எரியாதபோது கஞ்சி கொண்டுவந்த அயல்வீட்டு இந்துக் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. சிரித்தவர்களுக்கும் மலர் அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டும்.

மக்களே, உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. கமிட்டிக்காரரைப் பார்த்துவிட்டு நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. மைக் அறைக்குப் போய் அந்த மெல்லிய ஒயரைக் கழற்றினேன். சார்ஜ் ஏறும்வரை காத்திருந்தேன். பிறகு கோபுரக் குழாயின் ஒயரை விலக்கிவிட்டு, அறைக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும் கேட்கும்படி மைக்கைப் போட்டேன். "நமது சபையைச் சேர்ந்த" என்று தொடங்கி, அண்ணனின் பெயரை முழுதாகச் சொன்னேன். பிறகு மலையாளத்திலும் சொன்னேன்.