குணபூசணி வீட்டு விளக்கும் ஏர்கோனும்

கைகள் மேசைக் காற்றாடியை ஏணியின் உச்சித் தட்டில் நிறுத்தி, அதன் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பின. பிறகு கீழே இறங்கி, எரிகிற ஊதுபத்தி ஒன்றை எடுத்துச் சாமி மேடைக்கு முன்னால் அசையாமல் பிடித்தன. புகை நேராக எழுந்து, தயங்கி, மேடைப் பக்கம் சாய்ந்தது. கைகள் மறுபடி ஏணி ஏறின. விரல் முட்டிகளில் பழைய தீக்காயத் தழும்புகள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

"பிள்ளை, நீ ஏர்கோன் பூட்ட வந்தியோ, பூசை செய்ய வந்தியோ?" கட்டிலில் சாய்ந்திருந்த முத்துக்குமாரு கேட்டார்.

"ரெண்டும்தான் அங்கிள். புகை ஓடுற பக்கம்தான் காத்து ஓடும். இப்பவே பாத்துட்டா சுவத்துல ரெண்டு தடவை ஓட்டை போட வேணாம்லா."

லோகேஸ்வரிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஷா ஆலாம் நகரில் ஏர்கோன் என்னும் குளிரூட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செம்புக் குழாய்களைத் தீயால் ஒட்டும் வரிசையில் நின்றவள். தழும்புகள் அங்கே வாங்கியவை. அந்த வரிசையை வேறு நாட்டுக்கு மாற்றியபோது கூட நின்றவர்கள் வேறு தொழிற்சாலை தேடினார்கள். இவள் ஒரு பழைய வேன் வாங்கினாள். குழாய் ஒட்டத் தெரியும், மற்றதெல்லாம் போகப் போகத்தான் தெரிந்தது. கெட்டுப்போன யூனிட்டுகளைக் கிள்ளானில் தன் வீட்டு வாசலில் போட்டுப் பிரித்துப் பார்த்தாள். வயர்மேன் பரீட்சையில் முதல் தடவை தவறி, மறு தடவை தேறினாள். புதிய வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் வேனின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்து, "ஆள் எங்க?" என்று கேட்கிறார்கள். "நான்தான் ஆளு" என்று சொல்லிக்கொண்டே ஏணியை இறக்குவாள்.

பிரிக்பீல்ட்ஸில் இந்த வரிசை வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டது குணபூசணி. கணவர் முத்துக்குமாருவுக்கு இருதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மாடிப்படி ஏறக் கூடாது, உடம்பு புழுங்கக் கூடாது என்றார் டாக்டர். கட்டில் ஹாலுக்கு இறங்கியது. ஹாலுக்கு ஏர்கோன் வந்தது. பூட்டியவர் அதைச் சாமி மேடைக்கு நேர் எதிரே மாட்டிவிட்டுப் போனார். முதல் தடவை காற்று வந்ததும் மேடை விளக்கின் சுடர் படுத்துவிட்டது. குணபூசணி இரு கையாலும் பொத்திக் காப்பாற்றினார். அன்றைக்கு நிறுத்திய ஏர்கோன்தான், பிறகு ஓடவே இல்லை.

"அவர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நேந்து கொளுத்தின விளக்கு, பிள்ளை. தன்ர காலால கோயிலுக்கு நடந்து போற வரைக்கும் இது அணையாமல் இருக்கோணும், நூரக் கூடாது."

"விளக்குக்கு வேர்க்காது. எனக்கெல்லோ வேர்க்குது" என்றார் முத்துக்குமாரு.

"வேர்த்தால் துடைக்கலாம். இது நூர்ந்தால்?"

இரவெல்லாம் முத்துக்குமாரு தூங்காமல் புரளுவதும், பக்கத்தில் உட்கார்ந்து குணபூசணி நாளிதழை மடித்து விசிறுவதும் இருவரின் கண்களிலும் தெரிந்தது.

தெருப்பக்கச் சுவரில், ஜன்னலுக்கு மேலே காற்றாடியை வைத்தபோது ஊதுபத்திப் புகை நிமிர்ந்து நின்றது. லோகேஸ்வரி அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

ஏர்கோனைக் குளிர வைக்கும் காஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைத்து, குழாயை வாசலில் வைத்தே கழற்றினாள். உள் யூனிட்டைப் புதிய இடத்துக்கு ஏற்றினாள். முன்பு பூட்டியவர் மின்சாரத்தைக் காற்றாடியின் பிளக்கிலிருந்தே எடுத்திருந்தார். பிளக் பழுப்பேறிப் போயிருந்தது. அதைக் குணபூசணியிடம் காட்டினாள்.

"இது சூடாகி இருக்கு ஆன்டி. மெயின்ல இருந்து தனி லைன் இழுத்துடறேன். கொஞ்ச நேரம் கரண்ட் இருக்காது, அங்கிளுக்கு விசிறி விடுங்க."

"அது எனக்குப் பழக்கம்தானே" என்று குணபூசணி நாளிதழை எடுத்தார்.

தனி லைன் வந்தது. முந்தையவர் வெட்டி விட்டிருந்த எர்த் கம்பியும் அதன் இடத்துக்குப் போனது. ஒவ்வொரு திருகையும் இறுக்கிய பின் கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். செம்புக் குழாயின் முனையைச் சுரண்டும்போது அதன் வாயைத் தரை பார்க்கப் பிடித்தாள், தூள் உள்ளே விழாதபடி. பம்பை மாட்டிக் குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, அழுத்த மானியின் முள்ளைப் பார்த்தபடி வாசல்படியில் உட்கார்ந்தாள். முள் நகரவில்லை. கசிவு இல்லை. இனி காஸைத் திறந்துவிட வேண்டியதுதான்.

அவள் திறக்கவில்லை. உள்ளே வந்து விளக்கைப் பார்த்தாள்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. இப்ப வர்ற இந்தப் புது வகை காஸ் நெருப்புப் பிடிக்கும். உள்ளே இருக்கிற மூட்டுல முதல் தடவை காஸ் ஏறுறப்ப ஹால்ல சுடர் இருக்கக் கூடாது."

குணபூசணியின் முகம் இறுகியது. "போன முறை ஆள் எரிய விட்டுத்தானே பூட்டினவர்?"

"அவரு பண்ணிட்டாரு. நான் பண்ண மாட்டேன்."

"நானும் நூர்க்க மாட்டன்."

லோகேஸ்வரி வேனைப் பார்த்தாள். இப்படியே விட்டுப் போனால் இந்தக் கட்டிலில் இன்றிரவும் தூக்கம் இல்லை.

"நூர்க்க வேணாம் ஆன்டி" என்றாள் மெதுவாக. "வெளியே கொண்டு போக முடியாதா?"

இரண்டு வீடு தள்ளி சந்திரகலா வீடு. அங்கேயும் சாமி மேடை உண்டு. ஆனால் வெளியே மழைக்காற்று தொடங்கியிருந்தது. எண்ணெய் தளும்பும் விளக்கைக் குணபூசணி இரண்டு கையாலும் ஏந்தினால், காற்றுக்கு மறைப்புப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். லோகேஸ்வரி தன் கைகளைப் பார்த்தாள். கம்ப்ரெசர் எண்ணெய் மணிக்கட்டு வரை; சுடருக்குக் கிட்டக் கொண்டு போக முடியாது.

கட்டில் முனகியது. முத்துக்குமாரு எழுந்து நின்றார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எங்க?"

"சந்திரகலா வீட்டுக்கு. நீயும் வாறியோ?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் நடையெல்லாம் கட்டிலிலிருந்து குளியலறை வரைதான். இப்போது வாசல் கதவைப் பிடித்து, விட்டு, வெளியே வந்தார். குணபூசணி விளக்கை ஏந்தி நடக்க, அவர் காற்று வரும் பக்கம் நின்று இரு உள்ளங்கைகளையும் வளைத்துச் சுடருக்குக் கூரை போட்டார்.

"கிட்ட வாங்கோ. எண்ணெய் வழியுது."

"கலியாணம் கட்டின நாள்ல இருந்து கிட்டத்தானே நிக்கிறன்."

"பேசாமல் நடவுங்கோ, மூச்சு வாங்கும்."

"நீ பேச விட்டால்தானே."

அடுத்த வீட்டு முன்னால் காற்று ஒருமுறை ஓங்கி அடித்தது. சுடர் சுருங்கி நீல மணியாயிற்று. மூவரும் நின்றார்கள், லோகேஸ்வரியும்தான், வாசலில், வால்வுச் சாவியோடு. சுடர் மெல்ல மஞ்சளாகி நீண்டது. அவர்கள் சந்திரகலா வீட்டுக்குள் போய்க் கதவு சாத்திய பிறகுதான் அவள் குனிந்து வால்வைத் திறந்தாள்.

உள் மூட்டில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழும் இல்லை. ஏர்கோனை ஓட விட்டாள். புது இடத்துக்குக் குழாய் நீண்டிருந்ததால் காஸ் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சிலிண்டரைத் தராசில் வைத்து, எண் குறைவதைப் பார்த்தபடி, தேவையான எடைக்கு வந்ததும் மூடினாள். ஏர்கோனை நிறுத்தினாள். மூட்டுகளை மறுபடி பார்த்தாள். கதவு ஜன்னலெல்லாம் திறந்து ஹாலைக் காற்றாட விட்ட பிறகு, கையைக் கழுவிக்கொண்டு போய் அவர்களைக் கூப்பிட்டாள்.

திரும்பும்போது முத்துக்குமாரு வாசல் கதவைக்கூடப் பிடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். குணபூசணி விளக்கை மேடையில் வைத்து, திரியைச் சரிசெய்து, கையை எடுக்காமல் நின்றார்.

"கையை எடுங்க ஆன்டி" என்று சொல்லி லோகேஸ்வரி கதவு ஜன்னலைச் சாத்தி, ரிமோட்டை அழுத்தினாள்.

தெருப்பக்கச் சுவரில் ஏர்கோனின் மூடி திறந்தது. குளிர் கட்டிலின் மேல் இறங்கியது. முத்துக்குமாரு சட்டையின் மேல் பொத்தானை மாட்டிக்கொண்டார். மேடையில் சுடர் ஒருமுறை அசைந்து, நிமிர்ந்து, நின்றது. குணபூசணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நின்றது.

"கோயில் இதைவிடத் தூரமோ?" என்றார் முத்துக்குமாரு.

"தூரம்தான். நாளைக்கு அடுத்த சந்தி வரைக்கும் போய்ப் பாருங்கோ."

லோகேஸ்வரி ரிமோட்டைத் துணியால் துடைத்துக் குணபூசணியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, சாமித் தட்டில் பூக்களுக்கு நடுவே வைத்து, கண்மூடி நின்றார். பிறகு எடுத்து, ஓரத்தில் திருநீறு ஒட்டியிருந்ததைத் துடைக்காமலே கணவரின் கையில் கொடுத்தார்.