குளிராத இடுக்கி

‘ஐந்து வினாடிக்காரர்’ என்று தொழிற்சாலை முழுவதும் அழைக்கப்பட்டவர். பிறப்பு 1948, மறைவு 2016.

அவருடைய தொழில் உடைப்பது. திரவ வாயுக்களுக்கான துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளைச் செய்த தொழிற்சாலையின் சோதனை அறையில், பற்றவைப்பிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் ஊறவைத்து, ஊசல்போல் வீசி விழும் சம்மட்டியின் ஒரே அடியில் முறித்து, முறியுமுன் எவ்வளவு தாங்கியது என்று அளப்பார். தகடு அக்குளிரைத் தாங்கிவிடும். பற்றவைத்த இடம்தான் சில வேளை கண்ணாடியாகிவிடும். துண்டு வெளியே வந்து குளிர் குறையுமுன், ஐந்து வினாடிக்குள் அடி விழவேண்டும். ஆறாவது வினாடியை அவர் கண்டதேயில்லை. “வீட்ல ஒரு பல்ப் மாத்த அஞ்சு வாரம்” என்பார் மனைவி.

1987இல் புதிய தொட்டியொன்றின் துண்டுகள் வந்தன. பற்றவைத்தவர் மனைவியின் தம்பி. தேறினால் அவர் தலைமைப் பற்றவைப்பாளர். தவறினால் மூட்டு முழுவதையும் அறுத்து மறுபடி தொடங்கவேண்டும், பதவி வேறொருவருக்கு. மூன்று துண்டுகளும் மயிரிழையில் தேறின. சன்னலுக்கு வெளியே நின்ற மைத்துனர் கையசைத்தார்.

பதிலுக்குக் கையை உயர்த்தியவரின் பார்வை மேசையில் விழுந்தது. துண்டுகளைப் பிடித்தெடுத்த இடுக்கி உலர்ந்து கிடந்தது, பனி படியாமல். துண்டோடு அதையும் குளிர்வித்திருக்க வேண்டும்; சூடான பிடி துண்டின் குளிரைக் குறைத்து, இல்லாத உறுதியைக் காட்டிவிடும். மைத்துனரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்திருந்தார். வேறெவரும் கவனிக்கவில்லை.

கதவைத் திறந்தார். “மாப்ளே, செல்லாது.”

“எது மாமா?”

“மூணும். இடுக்கிய உள்ள போட மறந்துட்டேன். என் தப்பு.”

“ஒரு இடுக்கிக்காகவா? யாருக்குத் தெரியப்போகுது?”

“தொட்டிக்குத் தெரியும்.”

மைத்துனர் திரும்பிப் பட்டறைக்குப் போய்விட்டார். அதே மூட்டிலிருந்து வெட்டிய மாற்றுத் துண்டுகள் மூன்றில் இரண்டு, கண்ணாடிபோல் பளபளவென்று தட்டையாக முறிந்து தவறின. தம் தவற்றை அறிக்கையின் முதல் வரியாக எழுதிக் கையொப்பமிட்டார். மூட்டு அறுக்கப்பட்டது, பதவி வேறொருவருக்குப் போனது. “உங்களுக்கு என் தம்பிதான் கெடைச்சானா?” என்று கேட்டார் மனைவி. மைத்துனர் அக்காள் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வராதவர் வீட்டுக்கு இவர் போனார், ஞாயிறுதோறும். முதல் மூன்று மாதம், மைத்துனர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்த செய்தித்தாளின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது. எதிரில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வருவார். நான்காம் மாதம் செய்தித்தாள் சற்றே தாழ்ந்தது.

“பத்தவைக்கிற கம்பிய மாத்தினேன்.”

“தெரியுமே. நான்தானே உடைச்சேன். உடைய மாட்டேன்னு அடம் பிடிச்சுது.”

மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் தாளை மறுபடி உயர்த்தினார். பிறகு தம் மனைவியை அழைத்து, மாமாவுக்கும் ஒரு காப்பி என்றார்.

தலைமைப் பதவி மைத்துனருக்கு ஆறாண்டுகள் கழித்தே கிடைத்தது. ஞாயிறு வருகை அதன்பின்னும் நிற்கவில்லை. ஐந்து வினாடிக்காரர் மைத்துனர் வீட்டுக்குக் கடைசியாகச் சென்றது 2016 ஜனவரி 17.