கோல் கும்பஸின் உச்சியில் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பெண்களில் பலர் அவர் தைத்துத் தந்த ரவிக்கையை அணிந்தவர்கள்தான்.

அக்கா நாகலாபுரத்தில் பிறந்தார். மழை இல்லாத வருடங்களில் தையல் கற்று அப்பாவுக்குத் துணை நின்றார். தங்கையான என்னையும் படிக்க வைத்தார். கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அத்தானோடு சேர்ந்து பாடுபட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். அதன்பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசை. நாடெங்கும் உள்ள கோட்டைகளையும் பழைய கட்டடங்களையும் பார்க்க வேண்டும். சுற்றுலா பஸ்ஸில் அக்கா, அத்தான், நான் என மூவருக்கும் இடம் பிடித்திருந்த நேரத்தில், சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களின் பார்வையையும் பறித்துக்கொண்டது.

உறவினர்கள் பயணத்தை விட்டுவிடச் சொன்னார்கள். அத்தானும் தயங்கினார்.

“அங்கன வந்து என்னத்தப் பாக்கப் போற?”

“நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் வாரேன்” என்றார் அக்கா.

ஆனால் அத்தான் அதிகம் பேசாதவர். மைசூர் அரண்மனையில் “பெருசா இருக்கு” என்றார். அடுத்துப் போன கோட்டையிலும் அதையேதான் சொன்னார். அன்று பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தானுக்கு நான் பாரமாப் போயிட்டேன்ட்டி” என்றார்.

பிஜாப்பூரில் சுல்தானின் கல்லறை மாளிகையான கோல் கும்பஸின் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. வழிகாட்டி அக்காவைக் கீழேயே இருக்கச் சொன்னார். அக்கா என் தோளைப் பிடித்து ஏறிவிட்டார். மேலே, குவிமாடத்தின் உட்புறம் வட்டமாக ஒரு நடைபாதை. ஒரு பக்கச் சுவரில் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் தெளிவாகக் கேட்கும். அத்தான் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அக்காவும் நானும் சுவரில் காதை வைத்தோம்.

“ஏட்டி, கேக்குதா? பாத்ததச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நீ இல்லாம எங்கயும் போக எனக்கு மனசு இல்ல, பாத்துக்கோ.”

 அக்கா சுவரோடு முகத்தை ஒட்டி, “கேக்குது. பேசுங்க” என்றார்.

நான் காதை எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் வந்த பயணங்களில் கோல்கொண்டாவுக்கும் கொனார்க்குக்கும் போனோம். கல்லின் நிறத்திலிருந்து குரங்கின் சேட்டை வரை அத்தான் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அக்கா குறுக்கே கேள்வி கேட்டார். அக்காவின் சிறுநீரகம் பழுதுபட்ட கடைசி மாதங்களிலும் அத்தான் அவர் கட்டிலின் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு விடியலில் அக்கா அமைதியாக அடங்கினார்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், ஒவ்வொரு இடத்திலும் இறங்கிவந்து கைகொடுத்த பஸ் டிரைவர் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊர் திரும்பிய போதெல்லாம், “என்னக்கா பாத்தீக?” என்று அக்காவிடமே கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.