சனிக்கிழமைத் தோல்விகள்

கல்யாணமாகி துபாய் வந்த மறு வருஷம் அங்கே தேரா பகுதியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. துறைமுகங்களில் கடலின் ஆழத்தை அளந்து கொடுக்கும் சின்ன கம்பெனி அது. என் கணவருக்கு ஜெபல் அலியில் ஸ்டோர் கீப்பர் வேலை. அவர் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். நான் அப்ரா படகில், ஊர் நடுவே புகுந்திருந்த க்ரீக் என்கிற கடல் கழியைக் கடந்து ஆபீஸ் போவேன்.

எங்கள் மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். அறுபதை நெருங்கியவர். மனைவி எப்போதோ பிரிந்துபோயிருந்தார், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை எங்களுக்கு வாரத்தின் முதல் வேலைநாள். அன்று மதியத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு போன் போடுவார். பிறகு வெளியே வந்து, "தோற்றுவிட்டோம்" என்பார்.

டெண்டர் ஏதோ கைவிட்டுப் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மனசு கேட்காமல், "அடுத்தது நமக்குத்தான் கிடைக்கும் சார்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் திகைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தோற்றது அவருடைய கால்பந்துக் கிளப். நம் ஊரில் ஆடுகிற கால்பந்து இல்லை. அலமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் காட்டினார், பப்பாளி மாதிரி நீளமாக இருந்தது. மைதானமும் நீள்வட்டமாம். பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்குத் தரலாம், எதிராளியின் முதுகில் முட்டி வைத்து எம்பிக்கூடப் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று.

நாடே பார்க்கிற பெரிய லீகில் அவர் கிளப் இல்லை. அதற்கு அடுத்த வரிசையில் இருந்தது. நன்றாக ஆடுகிற பையன்களைப் பெரிய கிளப்புகள் கொண்டுபோய்விடும். அங்கே வயதாகிப்போனவர்கள் திரும்பி வருவார்கள். இளவயதில் அவரும் அங்கே ஆடினார். முட்டி போன பிறகு, கிளப்பின் பழைய ஆட்டக் கணக்குகளைத் தொகுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்தக் காகிதங்களையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் துபாய்க்கே கொண்டுவந்திருந்தார். கிளப்பின் வரலாற்றைப் புத்தகமாக்க வேண்டும், டைப் செய்து தரமுடியுமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை அரை நாள். எல்லோரும் போனபின் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். தோல் பதனிடுகிற தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். போர்க்காலத்தில் ஆட ஆளில்லாமல் மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். அப்புறம் ஒரு பால்காரர் கேப்டனாக இருந்த வருஷங்களில் கோப்பை கிடைத்தது. எந்த வருஷம் யாரிடம் எத்தனை புள்ளியில் தோற்றார்கள், யார் அதிக கோல் போட்டார் என்று பக்கம் பக்கமாகப் போகும். வெற்றிகளை வேகமாகச் சொல்வார். தோல்விகளில்தான் நின்று நின்று, மழை பெய்ததையும் யாருக்குக் கால் பிசகியது என்பதையும் சொல்வார்.

நான் முழுகாமல் இருந்தேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை அப்ராவிலிருந்து இறங்கும்போது வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். ஊரிலிருந்து யாரும் வரமுடியவில்லை. கணவர் காலையில் சோறு வைத்துவிட்டு டூட்டிக்குப் போவார். சாயங்காலம் வந்து, நான் சாப்பிடாத சோற்றை எடுத்து வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. எங்கள் ஒற்றை அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "வருத்தமாக இருக்கிறது" என்றார். ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தார். என் கணவர் டீ போட்டுக் கொடுத்தார். ஏதாவது பேசவேண்டுமே என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சார், யுவர் புட்பால் வின்னிங்?" என்று கேட்டார்.

 கிளப்பையே மூடிவிட்டார்கள் என்றார் சார். ஆட்டக்காரர்களும் இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை. இந்த வாரம் கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்களாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

அவர் படியிறங்கும் சத்தம் நின்றதும் என் கணவர், "பாவம்ட்டி. அவரு வீட்லயும் எழவு விழுந்திருக்கு. அதோட நம்ம வீட்டுக்கு வந்து உக்காந்திருக்காரு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "பந்து வெளையாட்டும் எம்புள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு யாரு சொன்னா? அவருக்குச் சொல்லி அழ ஆளில்லல்லா, அதைச் சொன்னேன்."

அன்றுதான், அது நடந்த பிறகு முதல் தடவையாக, நான் வாய்விட்டு அழுதேன்.

மறுபடி வேலைக்குப் போனபோது புத்தகத்தை விட்டுவிடலாம் என்றார் சார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அடுத்த வியாழன் மதியம் இரண்டு பேரும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நான் மெஷினில் காகிதத்தைச் செருகினேன்.

கடைசி வருஷத்தைச் சொல்ல அவருக்குப் பல வாரம் ஆனது. ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஒரு தடவை ஆள் குறைந்ததால் எதிரணியே இரண்டு பேரைக் கடனாகத் தந்திருக்கிறது. அதையும் போடச் சொன்னார். கடைசியில் ஆட்டக்காரர்கள் பட்டியல். ஒரே ஒரு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு அப்புறம் வராதவர்களின் பெயர்களே ஏகப்பட்டவை.

"இவங்க எல்லாரையும் போடணுமா சார்?" என்றேன்.

"ஒரு நாளாவது அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அடித்துக்கொண்டே போனேன். எங்கள் குழந்தைக்கு நாங்கள் பெயர் யோசித்திருக்கவில்லை. பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

காப்பிகள் எடுத்து பைண்டு செய்ய ஆபீஸுக்குப் பின்னாலிருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார பாய் கீழக்கரைக்காரர். பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி இது, நம்பரா இருக்கு?" என்றார்.

"ஒரு புட்பால் கிளப்போட வரலாறு பாய்."

"எந்த ஊரு கிளப்பு?"

"ஆஸ்திரேலியா. இப்ப இல்ல, மூடிட்டாங்க."

"அப்ப யாருக்கு இத்தனை காப்பி?"

 பழைய ஆட்டக்காரர்களுக்கு சார் தபாலில் அனுப்பினார். ஒன்றிரண்டு பேர் நன்றி எழுதினார்கள். சில, ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. அவற்றைப் பிரிக்காமல் ஜன்னலோரம் அடுக்கி வைத்தார். சனிக்கிழமைகளில் போன் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் ஆபீஸில் என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவுக்கும் மேஜைக்கும் நடப்பார்.

அடுத்த வருஷம் பெரிய காண்டிராக்ட் ஒன்று போய், ஆபீஸை மூடினார்கள். எனக்கு பர் துபாயில் வேறு வேலை கிடைத்தது. சார் ஊருக்குப் போகவில்லை. ஓமானில் சலாலா துறைமுகத்தில் வேலை வாங்கிக்கொண்டார். "ஊருக்குப் போய் நான் என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது எங்கள் பக்கத்து பிளாட் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். எங்களிடம் அப்போது போன் கிடையாது.

எனக்கு மகள் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த சமயம், அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. சலாலாவிலிருந்து ஒரு தமிழ் டிரைவர்.

"அக்கா, சார் தவறிட்டாருக்கா. நேத்து சைட்டுல நின்னுக்கிட்டிருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. எனக்கு ஏதாச்சும் ஆனா இந்த நம்பருக்குச் சொல்லுன்னு குடுத்து வச்சிருந்தாரு."

"ஊருக்கு அனுப்புறாங்களா தம்பி?"

"அங்க வாங்கிக்க யாரும் இல்லையாம்க்கா. இங்கதான் அடக்கம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவருக்கு நீங்க என்ன வேணும்க்கா?" என்றான்.

"அவர்ட்ட டைப்பிஸ்டா இருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

கணவர் டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகள் தவழ்ந்துபோய் அவர் ஷூ லேஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அவர் அவளைத் தூக்கவில்லை.