காற்றாடிக்காரன் பெண்டாட்டி

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் பெண்டாட்டியைப் பற்றிப் பெருமையடிக்கப் போகிறேன், பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எனக்கு ஆரல்வாய்மொழியில், காற்றில் மின்சாரம் எடுக்கும் ராட்சதக் காற்றாடிகளின் உச்சிக்கு ஏறிப் பழுதுபார்க்கும் வேலை. இருவராகத்தான் ஏறுவோம். ஏறும் முன் செல்போனை ஜீப்புக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மேலிருந்து கைதவறி ஒரு போன் விழுந்தால் கீழே நிற்பவன் கதை முடிந்தது.

அந்தப் பூட்டிய போன்தான் எங்கள் கல்யாணத்துக்கு எமனாக வந்தது. ஒருமணி நேரம் நான் எடுக்கவில்லையென்றால் முப்பது, நாற்பது அழைப்புகள் வந்திருக்கும். வீட்டுக்குப் போனால், "உங்களப் போல யாருண்டு" என்று காலையில் கொஞ்சியவள், "என்ன விட்டுட்டுப் போகத்தானே பாக்கீங்க?" என்று தட்டைத் தூக்கி எறிவாள். அடுத்த நாழிகை காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கோட்டி, பைத்தியம் என்றார்கள் சொந்தக்காரர்கள். திமிர் என்று நான் நினைத்தேன்.

கூட ஏறுகிற நண்பன் ஒரு வழி சொன்னான். "மக்கா, ஏறலன்னு சொல்லீரு. சிக்னல் இல்லாத எடத்துல வேலன்னு சொல்லு. அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

சொன்னேன். நாலு வாரம் ஓடியது. ஒருநாள் அவள் என் அலுவலகத்துக்கே போன் போட்டிருக்கிறாள். மேலே ஏறியிருக்கிறான் என்று அங்கே யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு இருக்கும் கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். எந்தக் காற்றாடி என்று தெரியாமல், ஒவ்வொன்றின் அடியிலும் நின்று அண்ணாந்து என் பெயரைக் கூவியிருக்கிறாள். நான் இறங்கி வந்தபோது ஒற்றைச் செருப்போடு நின்றாள், வெறுங்காலில் முள் குத்தி ரத்தம். "பொய்யா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே மணவாளக்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிடு என்று என் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பாதி மனதாக இருந்தேன், மறைப்பானேன்?

இரண்டு மாதம் கழித்து அவளே அழைத்தாள். "நாகர்கோயில்ல ஒரு டாக்டரப் பாக்கேன். நீங்களும் ஒருக்கா வரணும்." யாரும் கூட்டிப்போகாமல் தானாகவே போயிருக்கிறாள்.

ஆளுமைக் கோளாறில் இது ஒரு வகை என்றார் அந்த மனநல டாக்டர் அம்மாள். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் வேர், கோபமெல்லாம் அதன் கிளை. திமிரும் இல்லை, நடிப்பும் இல்லை, பழகப் பழக அடக்க முடியும். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவங்க பயப்படுறது சரிதான்னு நீங்க சொன்ன பொய் நிரூபிச்சிடுச்சு." எனக்குச் சுருக்கென்றது.

அன்றே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து ஏறும் முன் சொல்வேன், இறங்கியதும் சொல்வேன். அவளுக்கு வாராவாரம் சிகிச்சை. பயம் வந்தால் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை முக்கி, நெஞ்சு அடங்கிய பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். கேட்க எளிது. ஒன்றரை வருடம் அவள் பட்ட பாட்டை நான் கிட்டே இருந்து பார்த்தவன். விழுந்த நாட்களும் உண்டு, தட்டுகளும் பறந்ததுண்டு.

போன ஆடியில் பன்னிரண்டு மணிக்கு இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஏணி வெளியே இருக்கும் பழைய காற்றாடி அது. திடீரென்று காற்று கூடிவிட்டது. ஏணியில் கால் வைக்க முடியவில்லை. நாலு மணிவரை மேலேயே உட்கார்ந்திருந்தோம். உயிரைப்பற்றிக்கூட நான் அவ்வளவு நினைக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடுமே என்றுதான் கவலை.

இறங்கி ஓடிப்போய் ஜீப்பைத் திறந்தேன். பன்னிரண்டேகாலுக்கு ஒரே ஓர் அழைப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. பயந்துபோய் அழைத்தேன்.

"எறங்கீட்டீங்களா?" குரல் உடைந்திருந்தது. "விட்டுட்டுப் போய்ட்டாருன்னு மனசு சொல்லிச்சு. இல்ல, காத்து கூடியிருக்கும்னு நான் சொன்னேன். பத்துத் தடவ மூஞ்சிய தண்ணியில முக்கியாச்சு. ஒண்ணும் சமைக்கல்ல, வரும்போ ஏதாம் வாங்கீட்டு வாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நண்பன் அருகில் வந்தான். "என்ன மக்கா, வீட்ல சண்டையா?"

"ஆமா, நாலு மணிக்கூறு நேரம் சண்ட," என்றேன். "எனக்க பெண்டாட்டி செயிச்சுட்டா."