ஆட்டத்தில் அடித்த மட்டை

மலேசியாவின் கிள்ளான் நகரில் பேஸ்பால் மட்டை விற்கும் கடைகள் உண்டு. நான் தேடியவரை அவற்றில் ஒன்றில்கூட பந்து கிடையாது. முதல் மட்டையை வாங்கப் போனபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாஸ், கார்ல வெக்கவா, வீட்ல வெக்கவா?" என்று கேட்டார். விளையாட என்றேன். அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கார் சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவுக்குக் குட்டையான ஒன்றை எடுத்து நீட்டினார்.

எங்கள் ஊரில் அது ஆயுதம், வேறென்ன. பெட்ரோல் நிலையத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒருவனை அப்படிப்பட்ட மட்டையால் அடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அடி வாங்கியவன் முட்டி போட்டுக்கொண்டு தரையில் தன் பல்லைத் தேடினான். நான் பெட்ரோல் நிரப்பி முடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பிறகு ஒருநாள் ரோட் பிளாக்கில் போலீஸ்காரர் ஒருவர் என் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். மட்டையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "போலா மானா?" பந்து எங்கே? என்னிடம் பந்து இல்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். அன்றிலிருந்து பின்பெட்டியில் மட்டையோடு ஒரு பந்தும் கையுறையும் எப்போதும் இருக்கும். பேஸ்பால் பார்க்கிற எங்கள் சிறிய கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். அந்தப் பந்துக்கு நாங்கள் வைத்த பெயர் லைசென்ஸ்.

எனக்கு இந்தப் பைத்தியம் ஷா ஆலம் தொழிற்சாலையில் பிடித்தது. இயந்திரம் பூட்ட வந்த அமெரிக்க என்ஜினியர் கேண்டீனில் தன் லேப்டாப்பில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் வெறிகொண்டு ஓங்கி அடிக்கிறான். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஓங்கி அடித்தால் கைதட்டல் கிடைக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா ஓங்கினால் நாங்கள் கட்டிலுக்கு அடியில் ஓடுவோம். அவருடைய கை எனக்கும் வந்திருக்கிறது என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. ரிமோட், கதவு, இரண்டு கைத்தொலைபேசிகள் என்று உடைத்திருக்கிறேன். ஒருமுறை ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு லோரியின் கண்ணாடி மேல் எறிந்தேன்.

கோபம் இல்லாத நேரங்களில் சேகரித்தேன். வரவேற்பறை அலமாரியில் தலையாட்டும் பொம்மைகள் பன்னிரண்டு, பிளாஸ்டிக் உறையில் ஆட்டக்காரர் அட்டைகள், கையெழுத்திட்ட பந்து ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் ஆல்-ஸ்டார் முத்திரை சுட்டுப் பதித்த கறுப்பு மேப்பிள் மட்டை. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. ஒரு பந்தையும் தொடாதது. சேகரிப்பவர்களுக்கு அப்படிப்பட்ட மட்டை இரண்டாம் தரம்தான். ஆட்டத்தில் அடித்த மட்டைக்குத்தான் மவுசு. அதில் பந்தின் தழும்பு இருக்கும். எந்த ஆட்டத்தில் யார் அடித்தது என்று சான்றிதழ் இருக்கும். சான்றிதழின் மூலையில் மினுங்கும் ஒட்டுவில்லை இருக்கும். போலிச் சான்றிதழோடு விற்கிறவனைக் கண்டால் எனக்குக் கொலைவெறி வரும்.

என் கூட்டாளி என் மச்சான், மனைவியின் தம்பி. வயரிங் வேலை செய்பவன். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் என் மனைவிதான். "அடிக்காத பேட் என்ன பேட் மாமா? வெளக்கமாறு தேவலாம்" என்று அவன் ஒருவன்தான் என் முகத்துக்கு நேரே கிண்டல் செய்வான். ஜூலையில் இரண்டு நாள் விடுமுறை எடுப்பேன். செவ்வாய்க்கிழமை காலை பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடுகிற ஹோம் ரன் போட்டி, புதன்கிழமை காலை சிறந்த ஆட்டக்காரர்கள் மோதுகிற ஆல்-ஸ்டார் ஆட்டம். நேரலை இங்கே காலை எட்டு மணிக்கு வரும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ஜெர்சி போட்ட நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். "ஒங்க திருவிழா வந்துருச்சு, காப்பு கட்டலியா?" என்பாள் மனைவி. செவ்வாய் மாலை எங்கள் தாமான் குடியிருப்பின் திடலில் அலுமினிய மட்டையை வைத்து எங்களுக்குள் ஒரு ஹோம் ரன் போட்டி நடக்கும். எனக்குப் பந்து எறிபவன் மச்சான். என் இடுப்பு உயரத்துக்கு, நான் விரும்புகிற வேகத்துக்கு எறிய அவனுடைய வலது கைக்கு மட்டுமே தெரியும்.

ஓர் ஆயுத பூஜையன்று மனைவி காருக்கும், கிரைண்டருக்கும், தம்பியின் டிரில்லுக்கும் பொட்டு வைத்தவள் என் கறுப்பு மட்டைக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, முத்திரை மேலேயே குங்குமம் வைத்துவிட்டாள். ஆயுதம்தானே என்று நினைத்திருக்கிறாள். நான் சந்தனத் தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். தட்டு அவள் காதோரமாகப் போனது. அவள் அழவில்லை. "இன்னொரு தடவ கை ஓங்கினீங்கன்னா, அது யார் மேலயா இருந்தாலும் சரி, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள். இரண்டு வருடம் நான் ஒழுங்காக இருந்தேன்.

போன வருடம் ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எங்கள் கூட்டம் கூடும். ரவாங்கிலிருந்துகூட ஒருவர் ரயிலேறி வருவார். ஆளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நான் கறுப்பு மட்டையை எடுத்துப் போயிருந்தேன். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்து நானும் மச்சானும் காருக்கு வந்தால், பின்னால் ஒரு கார் குறுக்கே நின்றிருந்தது. அப்படி நிறுத்துகிறவர்கள் கண்ணாடியில் போன் நம்பர் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். இவர் வைக்கவில்லை. இருபது நிமிடம் ஹார்ன் அடித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பல் குத்திக்கொண்டு வந்தார். "அஞ்சு நிமிசம் பொறுக்க முடியாதா? பெரிய வெள்ளக்காரன் மாதிரி சட்டையப் போட்டுக்கிட்டு" என்று என் ஜெர்சியை விரலால் சுண்டினார். அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துவிட்டது. பின்பெட்டியைத் திறந்து உறையிலிருந்து மட்டையை உருவினேன். மச்சான், "மாமா, வேணாம் மாமா" என்று பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தான். உதறினேன். முதல் அடியில் அவருடைய காரின் முன்விளக்கு நொறுங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அடி எனக்கு இனித்தது. இத்தனை வருடம் தொலைக்காட்சியில் பார்த்த அடி அது. அவர் பின்வாங்கித் தடுமாறியபோது இரண்டாவது அடியை அவர் தலைக்கு ஓங்கினேன். மச்சான் நடுவில் பாய்ந்து வலது கையைக் குறுக்கே நீட்டினான்.

எலும்பு முறிகிற சத்தம் தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பூ விற்கும் அக்கா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே புதிதாக ஒரு மூட்டு முளைத்த மாதிரி கை மடங்கித் தொங்கியது. அந்த மனிதர் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். கடைசிவரை போலீசுக்குப் போகவில்லை. நான் மச்சானை அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினேன். வழியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான். "அக்காவுக்கு தெரியக் கூடாது மாமா. அவ போயிருவா."

பதிவு செய்யும் இடத்தில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். "பேஸ்பால் வெளையாடுனோம். இவரு சுத்துனாரு, நான் கிட்ட போயிட்டேன்" என்றான் மச்சான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்த போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "போலா மானா?" நான் கார் பின்பெட்டியிலிருந்து பந்தையும் கையுறையையும் கொண்டுவந்து காட்டினேன். முந்தின நாள் திடலில் அடித்தபோது ஒட்டிய புல் கறை பந்தில் அப்படியே இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தது என்று கேட்டார். நான் ஜெயித்தேன் என்றேன்.

கையில் தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள். விரல்கள் முழுசாக மடங்கவில்லை. குறடு பிடிக்க முடியாமல் மச்சான் வயரிங்கை விட்டான். இப்போது ஒரு கட்டுமானக் குத்தகையாளரின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். மட்டையைத் துடைத்து நான் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். விளக்கு உடைந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருந்தது. மச்சானின் கை பட்ட இடத்தில் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி தழும்பைப் பார்த்து, "இதுலதான் அவனுக்கு பட்டுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நானும் அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. அவன் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. அதுதான் என்னை அதிகமாக வதைத்தது.

இந்த வருடம் ஆல்-ஸ்டார் காலையில் மச்சான் ஏழரைக்கே வந்துவிட்டான். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மனைவி சட்டம் போட்ட ஒன்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். திருவிழாப் பரிசாம். கண்ணாடிக்குள்ளே தம்பியின் மருத்துவமனைச் சீட்டு. பேஸ்பால் விளையாடும்போது ஏற்பட்ட காயம் என்று அதில் எழுதியிருந்தது. மூலையில் புத்தகக் கடையில் விற்கிற வெள்ளி ஒட்டுவில்லை ஒன்றை ஒட்டியிருந்தாள். "சர்டிபிகேட் இல்லாம பேட்டுக்கு மதிப்பே இல்லன்னு சொல்வீங்கள்ல. இப்ப இது வெளையாட்டுல அடிச்ச பேட்தானே? அவனுக்கும் ஒரு ஞாபகமா இருக்கட்டும்" என்றாள். இத்தனை வருடத்தில் என் பைத்தியத்துக்கு அவள் செய்த முதல் உபகாரம் அது.

மச்சான் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தான். சொல்லாதே என்கிறான். நான் அந்தச் சட்டத்தை மட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அலமாரியில் ஒரு போலியை வைத்து அதைத் தினமும் பார்க்க என்னால் ஆகாது என்று தோன்றியது. அவன் கையை உடைத்த குற்றத்துக்கு ஒரு வருடம் வாயைத் திறக்காத எனக்கு அந்த ஒட்டுவில்லையைக் கண்டதும் ரோஷம் வந்தது. என்ன பிறவி நான்.

"இது போலி" என்றேன். பிறகு கார், பல்குச்சி, முன்விளக்கு, இரண்டாவது அடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் மட்டையை எடுத்தாள். பொம்மைகளை உடைப்பாள் என்று நினைத்தேன். "வலது கைய மேச மேல வைங்க" என்றாள். வைத்தேன். அவள் இரண்டு கையாலும் ஓங்கினாள். தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. அடிக்கட்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். கடைசியில் மட்டையை என் கைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"ஒங்கள மாதிரி எனக்கு வரல" என்றாள்.

உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஒரு பையோடு வெளியே வந்து தம்பியிடம், "வா, போலாம்" என்றாள். அவன் இடது கையால் கார் சாவியை எடுத்தான். கார் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. கையை எடுக்கலாம் என்று அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை. நானும் எடுக்கவில்லை.