சொக்லட் தாள் ஸ்பீக்கர்

அம்மாவின் குரலைக் கேட்டு, "இது அம்மா இல்ல" என்று தம்பி சொன்னபோது அவனுக்கு மூன்று வயது. அவனுடைய அக்காவான எனக்கு ஒன்பது. வீட்டு வேலைக்காக அம்மா அரபு நாட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மடுல்சீமைப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் ஃபோன் சிக்னல் எட்டிப் பார்க்காது. தேயிலை மலைக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். வேலை முடிந்ததும் அப்பா அங்கே ஏறிப் போவார். அம்மா பேசி அனுப்பியிருக்கும் குரல் செய்திகளை ஃபோனில் இறக்கிக்கொண்டு வந்து எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். ஒருமுறை தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து எழுந்த ஃபோன் அது. அதிலிருந்து யார் பேசினாலும் பால்மா டின்னுக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும். பின்னால் ஓயாத ஓர் இரைச்சல் வேறு. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருந்ததால் நான் அந்த டின்னுக்குள்ளிருந்து அவளை வெளியே எடுத்துக்கொண்டேன். தம்பியால் முடியவில்லை. அவன் ஃபோனைத் தள்ளிவிட்டு அத்தையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்களை ஒட்டிய அடுத்த காம்பிரா வீட்டில் இருந்தபடி எங்களையும் பார்த்துக்கொண்டவர்.

"சின்னப் புள்ளதானே, வந்தா தெரிஞ்சிக்குவான்" என்றார் அத்தை. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் விடும் வேலை. கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதும் அவர்தான். அதனால் கோயிலின் ஆம்பிளிஃபயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. முதலில் ஃபோனை அதில் மாட்டி, கோயில் ஹோர்னிலேயே அம்மாவைப் பேசவைத்துப் பார்த்தார். என் தலைப் பேனைப் பற்றி அம்மா விசாரித்தது மூன்று லயத்துக்கும் கேட்டது. தம்பி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். நான் ஒரு கிழமை, ஏழு நாளும், பள்ளிக்கூடத்தில் தலை நிமிரவில்லை.

பண்டாரவளையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர்தான் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு மேசையில் வைத்து ஸ்பீக்கர் செய்கிறார். நாம் அறிந்த ஸ்பீக்கர் இல்லை. அட்டைக் கூம்பு கிடையாது. இரண்டு வரிசைக் காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தாள் ஒன்று நாடா மாதிரித் தொங்குகிறது. அதற்குள் கரண்ட் ஓடினால் தாள் ஆடும். ஆடுகிற தாளே பேசும். இடிமுழக்கமெல்லாம் அதில் வராதாம். ஆனால் மனுசக் குரல் என்றால் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்குமாம். அப்பா பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனதுக்குள் பாதியைச் செய்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகை தேடினார்.

காந்தம் தொழிற்சாலையில் கிடைத்தது. தேயிலைத் தூளில் ஆணித்துண்டு, இரும்புத்தூள் கிடந்தால் இழுத்துக்கொள்வதற்காக அங்கே காந்தக் கட்டைகள் வைத்திருப்பார்கள். ஓரம் உடைந்து கழித்துப் போட்டவற்றை தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி வந்தார். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து டிரான்ஸ்போமரை எடுத்து, அதன் கம்பியைக் கழற்றி வேறு மாதிரிச் சுற்றினார். "தாள நேரா மாட்டுனா ஆம்ப் எரிஞ்சிரும். அப்புறம் சாமிக்கு நாந்தான் கத்திப் பாடணும்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

தாள்தான் சரிவரவில்லை. தேயிலை மூட்டையின் உள்பக்கத்தில் இருக்கும் வெள்ளித்தாளை வெட்டிப் போட்டார். அது கனம். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே பேசுவதுபோல் இருந்தது. சிகரட் பெட்டித் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பார்த்தார். அது நீளம் போதவில்லை.

என்னிடம் தாள் இருந்தது. அது அப்பாவுக்கும் தெரியும். ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் அம்மா கொடுத்தனுப்பிய பெரிய சொக்லட்டுகளின் உள்தாள்கள் மூன்றை, நகத்தால் நீவி நீவி, ஒரு சுருக்கமும் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்திருந்தேன். முகர்ந்தால் இன்னும் இனிப்பு வாசம் வரும். அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஒன்னே ஒன்னு குடுக்கிறியா?" என்று கேட்டார். பெரியவர்கள் எங்களிடம் எதையும் கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லாததால் எனக்குச் சங்கடமாகவும் பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் பேரம் பேசினேன். மடிப்பு நான்தான் வைப்பேன் என்றேன். சரி என்றார்.

மடிப்பு வைப்பது இப்படி: விரல் அகலத்துக்குத் தாளை நீளமாக வெட்டி, திருகாணி மாதிரி மரை போட்ட நீண்ட இரும்புக் கம்பியின் மேல் கிடத்தி, மரையின் பள்ளங்களுக்குள் தாளை மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அப்பாவின் விரல் பெரிது, தாள் கிழியும். என் சின்ன விரல் சரியாகப் பொருந்தியது. முதல் தாள் முடியும் தறுவாயில் தம்பி பக்கத்தில் வந்து தும்மினான். அது பறந்துபோய் விளக்குமாற்றில் சிக்கிக் கிழிந்தது. இரண்டாவதை நானே அவசரப்பட்டுக் கிழித்தேன். கொப்பியில் இருந்த கடைசித் தாளை எடுத்தபோது அத்தை கதவைச் சாத்தினார். தம்பியின் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பலகையில் பொருத்திய காந்தங்களுக்கு நடுவே, எதிலும் படாமல், சின்னச் சின்ன மடிப்புகளோடு அந்தத் தாள் தொங்கியது. நாங்கள் மூச்சுவிட்டாலே அசைந்தது. அப்பா ஃபோனை மாட்டி, அம்மா கடைசியாக அனுப்பியிருந்ததைப் போட்டார்.

"தம்பி, சாப்பிட்டியா சாமி?"

அம்மா எங்கள் வீட்டுக்குள் இருந்தாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் எச்சில் விழுங்கியது கேட்டது. பேசுவதற்கு முன் மூச்சு இழுத்தது கேட்டது. தம்பி அத்தையின் கையை உதறிவிட்டு, "அம்மா!" என்று பலகைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தான். அங்கே இல்லை என்றதும் அடுப்படிக்கு ஓடினான். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பள பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்குடா" என்றார்.

"இங்க ஒரு கொறையும் இல்ல. நல்லா வச்சிருக்காங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் கவனித்தேன். ஃபோனின் கோளாறு என்று இத்தனை நாளும் நினைத்திருந்த அந்த இரைச்சல் இப்போது தெளிவாகக் கேட்டது. அது தண்ணீர்.

"அப்பா, அம்மா ஊர்ல மழை பெய்யிது!" என்று கத்தினேன். பாலைவனம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததெல்லாம் பொய் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அப்பா கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். திரும்பவும் போட்டார். நடுவில் ஓரிடத்தில் கதவை யாரோ தட்டுகிற சத்தம். அம்மாவின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு விநாடி தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு முன்னைவிடத் தாழ்ந்த குரலில், "சரி, வைக்கிறேன். அக்கா சொல்றத கேளு" என்றாள். ஃபோனில் கேட்டபோது அந்த இடத்தில் அம்மா யோசிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்பா பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றிலும் மழை. தம்பி ஒவ்வொரு தடவையும் சிரித்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ முடிந்தபோது அப்பா ஆம்பிளிஃபயரை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்து, நான் கிழித்த தாளை நினைத்துத்தான் கோபப்படுகிறார் என்று பயந்துபோனேன். "இன்னொரு தடவ போடேன்டா, புள்ள கேக்குதுல்ல" என்றார் அத்தை. அப்பா ஃபோனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பாறைமேல் நின்று அவர் அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்ப ஃபோனை அமுக்கி வாயருகே வைத்தார். பிறகு, "நல்லா இருக்கேன்னு இனி சொல்லாத. நான் கேட்டுட்டேன்" என்றார். மறுபடியும் அமுக்கி, "போதும். அந்தக் கொழாய மூடிட்டு வந்துரு" என்றார்.

அம்மா வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அப்பா பதுளைக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறி, அம்மாவை அனுப்பிய ஏஜன்சிக்காரர்களோடு மல்லுக்கட்டி, வேலையில் பேச்சும் வாங்கினார். அந்த வீட்டு எசமானிக்கு ஃபோன் பேசுவது பிடிக்காது, கண்டால் அடி, அதனால் குளியலறையைப் பூட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் மறைந்துதான் அம்மா எங்களிடம் பேசினாள் என்பதெல்லாம், நான் வளர்ந்த பிறகு ஒருநாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே அவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் அன்று, ஒன்பது வயதில், எனக்குத் தெரிந்த குழாய் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் லயத்துக் கோடியில் இருந்தது. அதை மூடாததால்தான் அம்மா வரமுடியவில்லை என்று அப்பா சொன்னதாக விளங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கீழே ஓடினேன். அது உண்மையிலேயே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பாவாடையால் சுற்றிப் பிடித்து, இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினேன். சொட்டு நின்றது. திரும்பவும் மேலே ஏறினேன். அப்பா பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"மூடிட்டேன்பா."

"என்னத்த?"

"கொழாயத்தான். இனி அம்மா வரலாம்ல?"

அப்பா என் ஈரக் கையைப் பார்த்தார். ஃபோனை அமுக்கி என் பக்கம் நீட்டினார். நான் வாயைக் கிட்டே கொண்டுபோய், அம்மாவுக்கு நன்றாக விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"அம்மா, கொழாய நானே மூடிட்டேன். ஒரு சொட்டுகூட வராது. நீ கெளம்பி வாம்மா."